முகவெட்டு: எலும்பும் இலக்கணமும்

'முகவெட்டு' என்றொரு சொல் தமிழில் இருக்கிறது. 'பையன் நல்ல முகவெட்டு', 'அவங்கப்பன் முகவெட்டு அப்பிடியே இருக்குது' என்று திருச்செங்கோட்டுப் பக்கம் இன்றும் பேசுகிறார்கள். வெட்டு என்பது இங்கே உருவகம். சிற்பி கல்லை வெட்டியதுபோல, நாணயத்தில் தலை வெட்டியதுபோல, ஏதோ ஒரு கை இந்த முகத்தை வெட்டி வைத்திருக்கிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லில் உறைந்து கிடக்கிறது. கடந்த நாற்பது வருடங்களில் இந்த உருவகம் நேர்ப்பொருளாகிவிட்டது. கன்னத்து எலும்பு, தவடை என்று நாம் சொல்லும் தாடைக்கோணம், மோவாய் ஆகிய மூன்றையும் ஒரே மயக்கத்தில் அறுத்து, குறைத்து, நகர்த்தி, டைட்டானியத் தகடும் திருகும் வைத்து முடுக்கி, 'சமநிலையான முகவடிவம்' என்று தருகிற அறுவை மருத்துவம் வந்துவிட்டது.

பணம் உள்ளவர்கள் சங்கதி, இதைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். இடதுசாரி நண்பர்கள் பலர் அப்படித்தான் கேட்டார்கள். 'நுகர்வுக் கலாச்சாரச் சீரழிவு' என்று ஒரே வரியில் இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அப்படித் தள்ளும்போது, அதே ரம்பமும் அதே தகடும் வாயைத் திறந்து சோறு தின்பதற்கு யாருக்குத் தேவையோ அவர்களையும், பேருந்தில் அவமானப்படாமல் உட்கார்ந்து போவதற்கு யாருக்குத் தேவையோ அவர்களையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம். 'சமநிலை' என்ற சொல் இந்த வேறுபாடுகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறது. அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. முதலில் மேஜையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் 'உடல் அரசியல்' பேசுவது வெறும் வாயை மெல்லுவது.

1. மூன்று வெட்டுகள்

முகத்தின் நடுப்பகுதி அகலத்தைத் தீர்மானிப்பது கன்னத்து எலும்பும் அங்கிருந்து காதை நோக்கிப் போகும் மெல்லிய வில்லும். மேலுதட்டுக்குள், ஈறும் கன்னமும் சேருகிற மடிப்பில் கீறி உள்ளே போகிறார்கள். எலும்பின் முன்பகுதியைப் பெரும்பாலும் 'ட' எழுத்தின் வடிவில் அறுக்கிறார்கள். காதுக்கு முன்னால், கிருதாவுக்குள் மறைந்துபோகும் சின்னக் கீறல் வழியாக வில்லின் பின்முனையையும் அறுக்கிறார்கள். இப்போது கன்ன எலும்பு தனித் துண்டு. அதை உள்ளே தள்ளி, தகடு வைத்து நிறுத்துகிறார்கள்.

இரண்டாவது, கீழ்த்தாடை. காதுக்குக் கீழே தாடை திரும்புகிற மூலைதான் தவடை. வாய்க்குள் இருந்தே நுழைந்து, வளைந்த ரம்பத்தால் அந்த மூலையைச் சீவி எடுக்கிறார்கள். முன்னாலிருந்து பார்க்கையில் தெரியும் அகலம் குறைய வேண்டுமானால் தாடையின் வெளிப்புற ஓட்டையும் உரிக்க வேண்டும். இங்கேதான் கவனம் வேண்டும். கீழ்த்தாடைக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள் போய், முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழேயுள்ள துளை வழியாக வெளியே வருகிறது. அது நசுங்கினால் அல்லது அறுபட்டால் உதடு மரத்துப்போகும். டீ குடிக்கும்போது ஓரத்தில் வழிவது தெரியாது. சிலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும், சிலருக்குத் திரும்பாது.

மூன்றாவது, மோவாய். பல்வேர்களுக்குக் கீழே கிடையாக அறுத்தால் மோவாய் தனித்துண்டாக வரும். அதை முன்னே, பின்னே, பக்கவாட்டில் நகர்த்தலாம். ஒல்லியாக்க வேண்டுமானால் நடுவில் ஒரு பாளத்தை எடுத்துவிட்டு இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் திருகு போடுகிறார்கள்.

இந்த மூன்றும் பல்லின் கடியைத் தொடுவதில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாத கடி இருந்தால் அது வேறு அறுவை. மேல்தாடையையே கழற்றி நகர்த்துவது, கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் பிளந்து நகர்த்துவது, அதற்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் பல்லுக்குக் கம்பி. 1901ல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட் பிணங்களின் முகத்தை மோதி உடைத்து, முக எலும்பு எந்தக் கோடுகளில் உடைகிறது என்று கண்டார். விபத்து உடைக்கிற அதே கோட்டில்தான் இன்று மருத்துவர் அறுக்கிறார். கீழ்த்தாடையைப் பிளக்கும் முறையை 1957ல் ட்ரவுனரும் ஓப்வெகெசரும் எழுதினார்கள். இரண்டு தாடைகளையும் ஒரே அமர்வில் நகர்த்தியதை 1970ல் ஓப்வெகெசர் வெளியிட்டார். கன்ன எலும்பைக் குறைப்பது 1983ல் ஜப்பானில் ஒனிசுகா குழுவினராலும், தவடையைச் சீவுவது 1989ல் கொரியாவில் பேக் குழுவினராலும் மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டன. உடைந்ததைச் சேர்க்கக் கற்றுக்கொண்ட கை, உடையாததை உடைத்துச் சேர்க்கவும் கற்றுக்கொண்டது.

2. வேறுபாடுகளின் ஒழுங்கு

மூன்றையும் ஏன் சேர்த்துச் செய்கிறார்கள்? மருத்துவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. தவடையை மட்டும் சீவினால் கன்னம் முன்னைவிட அகலமாகத் தெரியும். கன்னத்தை மட்டும் உள்ளே தள்ளினால் தாடை கனத்துத் தெரியும். இரண்டையும் குறைத்துவிட்டு மோவாயை அப்படியே விட்டால் அது சதுரமாக நிற்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று மாறுகிறது, அதனால் மூன்றையும் தொட வேண்டியிருக்கிறது.

மொழியில் நேர்ப்பண்பு கொண்ட உறுப்புகள் இல்லை, வேறுபாடுகள்தாம் உண்டு என்ற சசூரின் கருத்து சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பழகிப்போனது. 'க' என்ற ஒலி 'ச', 'ட' இல்லை என்பதால்தான் 'க'. மருத்துவர் தன்னை அறியாமல் இதையே சொல்கிறார். அகலமான கன்னம் என்று தனியாக ஒன்று கிடையாது. தாடையைவிட அகலம், நெற்றியைவிட அகலம், அக்காவின் கன்னத்தைவிட அகலம், சினிமாக்காரியின் கன்னத்தைவிட அகலம். இப்படி ஒப்பீட்டின் எல்லை முகத்துக்கு வெளியே விரிந்துகொண்டே போகிறது. மூன்று வெட்டுகளைச் சேர்த்துப் போட வேண்டியிருப்பதே 'சமநிலை' எலும்பில் குடியிருக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. அது உறவில் இருக்கிறது. உறவு என்றால் அதைப் பார்க்கிற கண் ஒன்று வேண்டும், கண்ணுக்குப் பின்னால் ஒரு அளவுகோல் வேண்டும்.

எலும்புக்கும் ஒரு எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் வெறும் கோட்பாட்டுக்காரனாகிவிடுவேன். கம்பைக் குட்டையாக்கினால் கூடாரத்துணி தொங்கும். எலும்பைக் குறைத்தால் மேலிருக்கும் சதையும் தோலும் அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. கன்னம் தொங்குவது இந்த அறுவையின் அறியப்பட்ட விளைவு. சிலருக்கு முகம் அகலமாக இருப்பதற்கு எலும்பு காரணமே இல்லை, கடிக்கும் தசை தடித்திருக்கும். அவர்களுக்கு ரம்பம் தேவையில்லை. மூன்று அறுவையைச் சேர்த்தால் மயக்க நேரமும் கூடும், ரத்தப்போக்கும் கூடும். வாய்க்குள் ரத்தம் கசிந்து வீங்கினால் மூச்சுப்பாதை அடைபடலாம். சீவியெடுத்த எலும்பு திரும்ப முளைக்காது. உறவு என்பது கருத்து, ஆனால் வெட்டு நிஜம்.

3. அளவுகோல் வந்த வழி

அளவுகோல் மேற்கிலிருந்து மட்டும் வந்ததாகச் சொல்லிக்கொண்டு நம்முடையதை மறைக்க வேண்டியதில்லை. நம் சிற்ப நூல்களின் தாளமானத்தில் அடிப்படை அலகே முகம்தான். ஒரு முகத்தின் நீளம் ஒரு தாளம், 12 அங்குலம். நவதாளப் படிமத்தின் உயரம் 9 முகம், 108 அங்குலம். முகத்தை நெற்றி, மூக்கு, மூக்குக்குக் கீழிருந்து மோவாய் என்று மூன்று சம பங்காகப் பிரிக்கிறார்கள். இன்றைய முக அறுவைப் பாடநூலைத் திறந்தாலும் இதே மூன்று பங்குதான் முதல் படம். ஆனால் தாளமானத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பெருந்தெய்வத்துக்குப் பத்துத் தாளம், கணபதிக்கு ஐந்து, பூதத்துக்கு நான்கு. அளவு என்பது அழகுக்கான விதி மட்டுமாக இருந்ததில்லை, பதவியும் அதுதான். யார் மேலே, யார் கீழே என்பதை அங்குலத்தில் எழுதிவைத்தார்கள்.

மேற்கின் கதையும் இதேதான். டச்சு மருத்துவர் பெத்ரூஸ் காம்பர் 'முகக்கோணம்' என்ற ஒன்றை வகுத்தார். அவர் இறந்தபிறகு 1791ல் அந்த நூல் வெளியானது. கிரேக்கச் சிலை ஒரு முனை, குரங்கு மறுமுனை. ஐரோப்பியரும் ஆசியரும் ஆப்பிரிக்கரும் நடுவில் வரிசையாக நின்றார்கள்.

அதே நேரத்தில் நம் பக்கம் முகத்தின்மீது வேறொரு அதிகாரம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டியோட்டி ஒருவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கும் ஒரு கையும் அறுபட்டார். கவாஸ்ஜி என்று ஆவணங்களில் பெயர். புனே அருகே, செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித்தோலை இறக்கி அவருக்கு மூக்கு செய்துவைத்தார். இரண்டு ஆங்கில மருத்துவர்கள் பார்த்து எழுதினார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814ல் லண்டனில் அதே முறையைச் செய்தார். நவீன முகச்சீரமைப்பு மருத்துவத்தின் ஒரு வேர் அந்தச் செங்கல்காரரின் கையில் இருக்கிறது. அந்தப் போரை முடித்த 1792 உடன்படிக்கைதான் சேலத்தையும் பாராமகாலையும் கம்பெனியிடம் கொடுத்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோவும் வந்து இந்தச் சமவெளியின் நிலத்தை அளந்தார்கள்.

நிலத்தை அளந்த ஆட்சி, நூறு வருடம் கழித்து மூக்கை அளந்தது. ரிஸ்லி வங்காளத்துச் சாதிகளின் மூக்கை அளந்து 1891ல் ஒரு விதி சொன்னார். மூக்கின் அகலம் குறையக் குறையச் சாதி உயரும், அகலம் கூடக் கூடச் சாதி இறங்கும் என்பது அதன் சாரம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909ல் ஏழு தொகுதிகளாகச் சாதிகளையும் பழங்குடிகளையும் பட்டியலிட்டார். இந்த அளவைக்குச் சரியான பதிலடி கொடுத்தவர் அம்பேத்கர். 1948ல் வெளியான 'தீண்டப்படாதார்' நூலில், அளந்தவர்களின் எண்களையே எடுத்துவைத்து, பிராமணர் மூக்கும் தீண்டப்படாதார் மூக்கும் வேறு வேறு இனத்தைக் காட்டவில்லை என்று நிறுவினார். அளவுகோலைத் தூக்கி எறியாமல், அதைக்கொண்டே அளந்தவனின் முடிவை உடைத்த வாசிப்பு அது. நாம் கற்க வேண்டிய முறை.

அதே 1948ல் அமெரிக்காவில் டவுன்ஸ் என்ற பல்சீரமைப்பு மருத்துவர், ஊடுகதிர்ப் படத்தில் முகத்தின் கோணங்களை அளக்க ஒரு முறை வகுத்தார். 'இயல்பான முகம்' எது என்பதற்கு அவர் எடுத்துக்கொண்டவர்கள் 20 பேர், எல்லோரும் வெள்ளை இனத்து விடலைகள். அந்த எண்கள் உலகெங்கும் பாடநூலில் ஏறின. இந்தியாவில் பல ஆய்வாளர்கள் தனித்தனியே அளந்து, நம் ஆட்களின் பல்லும் உதடும் அந்த எண்களைவிட முன்தள்ளியே இருப்பதாக எழுதினார்கள். வெள்ளை முகத்துக்கே அந்தப் பழைய விதிகள் பொருந்தவில்லை என்பது இன்னும் சுவாரசியம். கனடாவில் ஃபர்காஸ், வட அமெரிக்க வெள்ளையரை அளந்து, மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் வகுத்த விகிதங்களில் பல, நிஜ மனிதரிடம் அபூர்வமாகவே கிடைக்கின்றன என்று 1985ல் காட்டினார். யாரிடமும் இல்லாத முகத்துக்கு எல்லோரையும் பொருத்தப் பார்த்திருக்கிறார்கள்.

மூக்கை அறுத்தது பழைய அரசதிகாரம். மூக்கை அளந்து பட்டியலிட்டது ஃபூக்கோ சொல்லும் ஒழுங்காக்கும் அதிகாரம். இன்று யாரும் யாரையும் பிடித்திழுப்பதில்லை. நாமே அளந்துகொண்டு, நாமே பணம் கட்டி, நாமே மேஜையில் ஏறிப் படுக்கிறோம்.

4. காங்னம் தரும் பாடம்

இந்த மூன்று வெட்டு அறுவை பெருந்தொழிலாக வளர்ந்தது தென்கொரியாவில், குறிப்பாக சியோலின் காங்னம் பகுதியில். ஒல்லியான, முட்டைவடிவ முகம் அங்கே வேலைவாய்ப்போடு ஒட்டிக்கொண்டது. வேலைக்கான விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்டுவது வழக்கம். முகம் ஒரு சான்றிதழாயிற்று. காங்னத்தில் ஒரு மருத்துவமனை, தான் சீவியெடுத்த தாடையெலும்புத் துண்டுகளைக் கண்ணாடிக் கோபுரத்தில் நிரப்பி வரவேற்பறையில் காட்சிக்கு வைத்தது. 2014 ஜனவரியில் அது செய்தியானபின் மருத்துவக் கழிவுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வந்தது. கழிவு என்பதுதான் சட்டம் கண்ட குற்றம். விளம்பரமாக வைத்ததில் அந்த மருத்துவமனைக்கு எந்த உறுத்தலும் இருந்ததாகத் தெரியவில்லை.

2016ல் சியோலில் ஒரு கல்லூரி மாணவர் தாடை அறுவை செய்துகொண்டார். அறுவை நடக்கும்போதும் பிறகும் கடும் ரத்தப்போக்கு. மருத்துவர் ஒரே நேரத்தில் பல அறைகளில் வேலை செய்துகொண்டிருந்தார், மாணவரைப் பெரும்பகுதி நேரம் உதவியாளர்களிடம் விட்டுவிட்டுப் போனார். சில வாரங்களில் மாணவர் இறந்தார். அவருடைய அம்மா அறுவை அறையின் கேமராப் பதிவை வாங்கி, நிமிடம் நிமிடமாகப் பார்த்து, யார் எப்போது உள்ளே இருந்தார்கள், எப்போது இல்லை என்று குறித்தெடுத்தார். அந்தக் குறிப்புகளோடு தெருவில் பதாகை பிடித்து நின்றார். 2021ல் அந்த மருத்துவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதே வருடம், முழு மயக்கத்தில் நடக்கும் அறுவைகளை நோயாளி கேட்டால் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் நிறைவேறி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பார்வையின் திசை மாறியது. பார்க்கப்படுவதற்காகவே மேஜையில் ஏறிய ஒரு உடல். அந்த உடலின் தாய், மருத்துவரைப் பார்க்கப்படுகிறவராக மாற்றினார். 'அழகு வேண்டாம்' என்று அவர் உபதேசம் செய்யவில்லை. அறைக்குள் என்ன நடந்தது என்பதைக் காட்டு என்றார். இயக்கங்களில் இருப்பவர்கள் கொரியாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

5. இங்கே, தவடை

திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் ஊர். ஆழ்துளைக் கிணறு போட இங்கிருந்து வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. விசைத்தறிகளும் லாரிகளும் சுற்று வட்டாரமெங்கும். சாலை விபத்தில் தாடை உடைந்து வருகிறவர்கள் இந்தப் பக்கம் எந்த மருத்துவமனைக்கும் புதிதில்லை. ஊரைச் சுற்றி இரண்டு பல்மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தாடை எலும்பு அறுவை பல்மருத்துவத்தின் ஒரு மேற்படிப்புப் பிரிவு என்பது பலருக்குத் தெரியாது. பல்லுக்குத்தானே அங்க போவாங்க என்று நினைக்கிறார்கள்.

எங்கள் வீதியில் தறி ஓட்டுகிற குடும்பத்துப் பெண் ஒருத்தி. நாலு வயதில் திண்ணையிலிருந்து மோவாய் தரையில் படும்படி விழுந்திருக்கிறாள். மோவாயில் ரெண்டு தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். காதுக்கு முன்னாலுள்ள மூட்டில் எலும்பு உடைந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த மூட்டு மெல்ல மெல்ல இறுகி ஒட்டிப்போயிற்று. குழந்தையின் கீழ்த்தாடை வளருவதற்கு மூட்டின் அசைவும் வேண்டும். ஒரு பக்கம் ஒட்டினால் அந்தப் பக்கம் வளர்ச்சி நின்றுவிடும், மோவாய் அந்தப் பக்கமே சாயும். இரண்டு பக்கமும் ஒட்டினால் தாடையே உள்வாங்கிவிடும், தூக்கத்தில் மூச்சுத் திணறும். அந்தப் பெண்ணின் வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது.

கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததும் அவளை வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த காகிதத்தோடு அவள் அப்பா என்னிடம் வந்தார். "ஏனுங் தம்பி, தமிழ் எம்.ஏ. படிச்சிருக்கறீங்க. இதுல என்ன போட்டிருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்" என்றார். நான்கு பக்கம் ஆங்கிலம், அரைப் பக்கம் தமிழ். மோவாயை நகர்த்துவது, ஒரு பக்கத் தவடையைச் சீவுவது, மறுபக்கம் பொருள் வைத்து நிரப்புவது, மொத்தமாக இவ்வளவு தொகை. ஆங்கிலத்தில் நரம்பு மரத்துப்போகலாம் என்று ஒரு வரி இருந்தது. தமிழில் அது இல்லை. தமிழில் 'அழகு', 'தன்னம்பிக்கை', 'சமநிலையான முகம்' இருந்தன. ஒட்டிப்போன மூட்டைப் பற்றி இரண்டு மொழியிலும் ஒரு சொல் இல்லை.

அந்தப் பெண் உள்ளிருந்து வந்து சொன்னாள்: "மொகம் எப்பிடியோ போவுட்டுங்ணா. கொட்டாவி உட்டா வாய் தொறக்கோணும். பல்லு வலிச்சா டாக்டரு உள்ள பாக்கோணும். அதுக்கு இதுல எதாச்சும் எழுதியிருக்குதுங்ளா?" ஒரு கோட்பாட்டுக் கட்டுரை முழுக்கச் செய்ய வேண்டிய வேலையை அவள் இரண்டு வாக்கியத்தில் செய்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது செயல். காகிதம் தருவது தோற்றம். இரண்டையும் 'சமநிலை' என்ற ஒரு சொல் மூடிவிட்டது.

பிறகு ஒரு கல்லூரி மருத்துவமனையில் அவளுக்கு முதலில் மூட்டை விடுவித்தார்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஐஸ் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல்லிடுக்கில் வைத்து வாயைத் திறக்கும் பயிற்சி. அதை விட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். மோவாயை நகர்த்துவது பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்றிருக்கிறாள். அது அவள் பாடு.

வாசகர்களில் பிள்ளைபெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை மோவாய் அடிபட விழுந்தால் மோவாயை மட்டும் பார்க்காதீர்கள். காதுக்கு முன்னால் வீக்கம், வாய் திறப்பதில் சிரமம், திறக்கும்போது ஒரு பக்கம் சாய்வது இருந்தால் மூட்டைப் படமெடுக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக ஒருவர் தன்னுடைய மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைக்க முடிய வேண்டும். அசைவைச் சீக்கிரம் மீட்டால் பின்னால் வரும் அறுவைகள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

இன்னொரு தரப்பு திருநங்கையர். நெற்றி, தவடை, மோவாய் ஆகியவற்றைப் பெண்முகத்துக்கு ஏற்பச் சேர்த்துச் செதுக்கும் முறையை 1980களில் சான் பிரான்சிஸ்கோவின் டக்ளஸ் ஊஸ்டர்ஹவுட் உருவாக்கினார். ஆண் மண்டையோடு எது, பெண் மண்டையோடு எது என்று பிரிக்க மானுடவியல் சேர்த்த அளவுகளே அவருக்கும் ஆதாரம். பால் இருமையைக் கட்டிக்காக்கிற அளவுகோல்தானே இது என்று நாம் கேட்கலாம். ஆனால் பேருந்து நிலையத்தில் முகத்தைப் பார்த்ததும் விழுகிற வசவுக்கும் அடிக்கும் முன்னால் இந்தக் கேள்விக்கு என்ன மதிப்பு? அடி வாங்குகிறவளிடம் போய் 'இருமையைக் கடந்து வா' என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அதேபோல, அறுவை செய்தால்தான் பெண் என்று சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை. 2014ல் நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலினத்தை அங்கீகரிக்க அறுவையை வற்புறுத்துவது சட்டவிரோதம் என்று தெளிவாகவே சொன்னது.

பணத்தின் மொழியில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பாலின அறுவைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் வசதியும் காப்பீடும் அரசு தர வேண்டும் என்றது. அதே வருடம் செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்திய விலக்குகளின் பட்டியலில் பால்மாற்றச் சிகிச்சை ஒரு விலக்கு, அழகு அறுவை அடுத்த விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கும், உடனடி உடல்நல ஆபத்தை நீக்கும் என்று மருத்துவர் சான்று தருவதற்கும் மட்டும் அதில் விதிவிலக்கு. ஆக, 'தேவை' என்று எழுதுவதா 'அழகு' என்று எழுதுவதா என்ற ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் தறியோ நிலமோ நிற்கிறது.

6. லட்சணமும் வழுவமைதியும்

பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் 'லட்சணமான பொண்ணு' என்பார்கள். லட்சணமும் இலக்கணமும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். ஆக, அவர்கள் சொல்வது 'இலக்கண சுத்தமான பெண்'. அவலட்சணம் என்றால் இலக்கணப் பிழை. முகத்தை ஒரு பிரதியாக வாசிக்கிறோம் என்பதை நமக்கு எந்தப் பிரெஞ்சுக்காரரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, வழக்கே சொல்கிறது.

ஆனால் இலக்கணம் படித்தவர்களுக்கு வேறு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்கும். ஒன்று, இலக்கியம் முந்தி, இலக்கணம் பிந்தி. வழக்கில் இருப்பதைப் பார்த்துத்தான் விதி எழுத வேண்டும். முக அளவையில் இது தலைகீழாகிவிட்டது. 20 விடலைகளைப் பார்த்து எழுதிய விதிக்கு உலகத்து முகங்களெல்லாம் திருத்தம் செய்துகொள்கின்றன. இரண்டு, தமிழ் இலக்கணத்தில் வழாநிலை, வழு என்று மட்டும் இல்லை, வழுவமைதி என்று மூன்றாவது ஒன்று உண்டு. உவப்பின் காரணமாகப் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்றால் அது திணை வழுவமைதி. மகனை 'வாடியம்மா' என்று கொஞ்சினால் பால் வழுவமைதி. பிழைதான், ஆனால் காரணம் இருக்கிறது, அதனால் ஏற்கப்படுகிறது. மருத்துவ அளவையில் இந்த மூன்றாவது இடம் இல்லை. எண்ணுக்குள் இருந்தால் இயல்பு, வெளியே போனால் திருத்தம்.

திருச்செங்கோட்டு மலைமேல் நிற்கும் மூலவர் பாதி ஆண், பாதி பெண். வலமும் இடமும் ஒத்திருக்க வேண்டும் என்ற விதியை உடைத்து நிற்கிற உரு. அதே மலைக்குப் படியேறிக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து, தவடை ஒரு பக்கம் சாய்ந்த பெண்ணுக்கு நகை கூடக் கேட்கிறார்கள். தெய்வத்துக்கு வழுவமைதி, மனுசிக்கு வழு.

இந்த அறுவையை ஒழிக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். 'இயற்கை முகமே போதும்' என்பதும் இன்னொரு விதிதான், சொல்கிறவனின் முகம் பெரும்பாலும் யாருக்கும் உறுத்தாத முகமாக இருக்கும். 'அவரவர் விருப்பம்' என்று கைகழுவவும் முடியாது, அந்த விருப்பத்தின் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. 'சமநிலை' என்ற சொல்லை யார் நீட்டினாலும் அதை மூன்றாகப் பிரித்துக் கேட்பது. எதைத் திறப்பதற்கு? எதனோடு பொருத்துவதற்கு? யாரிடமிருந்து மறைப்பதற்கு? முதல் கேள்விக்கு உள்ள அறுவை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்க வேண்டும் என்று போராட வேண்டும். இரண்டாவதற்கு, அளவுகோல் யாருடையது என்று மருத்துவரை வாய்விட்டுச் சொல்லவைக்க வேண்டும். மூன்றாவதற்கு, அறுவை தேடுகிறவரோடு நிற்கும்போதே, மறைந்துகொள்ள வைக்கிறவர்களோடு சண்டைபோட வேண்டும். மரத்துப்போகும் உதடு, தொங்கும் கன்னம், திரும்ப முளைக்காத எலும்பு ஆகிய மூன்றும் தமிழ்ப் பக்கத்திலும் அதே பருமனான எழுத்தில் அச்சாக வேண்டும் என்பது இயக்கங்கள் உடனே கையிலெடுக்கக்கூடிய கோரிக்கை.

எழுதுகிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. வட்டிக்காரனுக்கு எத்துப்பல், அடியாளுக்கு அகன்ற தவடை, கள்ளமில்லாத பெண்ணுக்கு முட்டைவடிவ முகம் என்று நம் கதைகள் எத்தனை முறை எழுதியிருக்கின்றன? முற்போக்குக் கதையிலும் கெட்டவன் முகம் கோணலாகத்தான் இருக்கிறது. அதைப் படித்து வளர்ந்தவர்கள்தான் பெண் பார்க்கப் போகிறார்கள், வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மேஜையில் படுக்கிறார்கள். அடுத்த கதையில் ஒரு பாத்திரத்துக்கு முகம் எழுதும்போது, அந்தப் பெயரடையைத் தந்தது யாருடைய இலக்கணம் என்று பேனாவை நிறுத்திப் பார்த்துவிட்டு எழுதலாம்.